நிறுத்திய பிறகு ஏறும் சூடு

கண்டிக்கு ஆட்கள் குளிருக்காக வருவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பேராதனை தாண்டியதும் பஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆனந்தமாக மூச்சு விடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கண்டியில், மார்கழி மாதத்தில், மழை தூறிக்கொண்டிருக்கும் மாலையில், ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவள் நான். பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருப்பார். காரை ஓட்டுகிறவர் மட்டும் சட்டைக் கொலர் கலையாமல், சூட்டுமானியின் முள்ளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

“பாத்தியளோ, முள்ளு பாதிக்கு மேல போகேல்லை.”

“எஞ்சின் குளிர்ந்துதான் ஈக்கி,” என்பார் நானா. “நாங்கதான் வெந்து போற.”

காரில் ஹீற்றர் என்று ஒரு பொருள் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் காருக்குள் விறைத்துப்போகாமல் இருக்க, எஞ்சினின் சுடுநீரைக் குழாய் வழியாக உள்ளே சுற்றவிட்டு அதன்மேல் காற்றடிக்கும் ஏற்பாடு. நம் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை. இவர் ஏற்றம் தொடங்கியதும் அதை முழுதாகத் திறந்துவிடுவார். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு எங்கள்மேல் இறங்கும். அந்த அளவுக்கு எஞ்சினுக்கு ஆறுதல். கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் நாங்களும் ஒரு பாகமாகிப் போனதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

“சேர், கொஞ்சம் அத நிப்பாட்டுங்க. உயிர் போகுது,” என்று கெஞ்சுவேன்.

“இன்னும் கொஞ்ச வளைவுதான் பிள்ளை. உம்மட உயிர் போகாது. இதின்ர உயிர் போனா எல்லாரும் நடக்கவேணும்.”

நான் அப்போது கண்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வேலைக்காக அம்பிட்டியவுக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதே றோட்டில் நாலு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். அவருக்கு எதிரே நானா. காலையில் மூன்று பேரும் ஒன்றாக இறங்குவோம், மாலையில் ஒன்றாக ஏறுவோம். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு பஸ்ஸில் போவதைவிட, தெரிந்தவர்களோடு ஒரு காரில் வெந்துபோவது மேல் என்று எனக்குப் பட்டது.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு மாற்றலாகி வந்து, அவருடைய ஊர்க்காரர்கள் கொழும்பு, வெளிநாடு என்று போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் மலைக்காக என்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு கார் ஏறிப்பார்க்க மருந்துக்காவது ஒரு மேடு உண்டா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

காரை வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு தபாலதிபர் ஓட்டுகிற கார் போலத்தான் இருக்கும். சாம்பல் நிறம், நாலு கதவு, எங்கோ ஒரு நசுங்கல். பொனற்றைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். ஒரு காபுரேற்றர் இருந்த இடத்தில் இரண்டு. புகைக்குழாய் என் கையளவு பருமன். அது மலைப்பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏறவிடுகிற போட்டிக்காக அவர் தன் கையால் செய்த எஞ்சின். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தப் போட்டியில் ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசை. போட்டி வைத்த வருடம் ஊரடங்குச் சட்டம் வந்தது. ஊரடங்கு இல்லாத வருடம் கந்தோரில் லீவு கிடைக்கவில்லை. இரண்டும் கூடிவந்த வருடம், தமிழர் ஒருவர் வேகமாகக் கார் ஓட்டிப் பழகுவது எதற்காக என்று யாரோ ஒருவர் கேட்டார். அதோடு அந்த வருடமும் போயிற்று.

எனவே போட்டிக் கார் எங்களைக் கந்தோருக்கு ஏற்றி இறக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பல்லேகல தாண்டித் தெல்தெனிய றோட்டுக்குக் கொண்டுபோய், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய வளைவுகளில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வருவார். திரும்பி வந்ததும் வேகம் எவ்வளவு என்று சொல்லமாட்டார். சூடு எவ்வளவு என்றுதான் சொல்வார்.

எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் அதன் சூடும் கூடும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொனற்றுக்குக் கீழே அந்தச் சூடு போக வழியில்லாமல் நின்றால், பெற்றோல் குழாயிலேயே ஆவியாகிவிடுமாம். ஆவியை எஞ்சினால் குடிக்க முடியாது. நல்ல ஏற்றத்தில் வண்டி இருமி, முனகி, நின்றுவிடும். இதை எனக்குச் சொன்னார், நானாவுக்குச் சொன்னார், பால்காரனுக்குச் சொன்னார், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரச் சிங்கள அம்மாவுக்கு அவர் மொழியிலேயே சொன்னார். விளங்கப்படுத்தத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பாதியில் எழுந்து போனால் கூடவே வருவார்.

புகைக்குழாய்க்குச் சுற்ற, சூடு தாங்கும் கல்நார்க் கயிறு வேண்டும் என்றார். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பின் கதவைச் சுற்றி அந்தக் கயிறு இருக்கும். பழையதைக் கழற்றிப் போட்டிருந்ததை அப்பாவிடம் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தேன். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல் அவர் அதைச் சுற்றினார். காபுரேற்றருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை உரித்தெடுத்துத் தகரத்தில் ஒட்டித் தடுப்புச் செய்தார். அதிலிருந்து ஒரு மாதத்துக்கு, வண்டி சூடேறினால் காருக்குள் தேத்தண்ணீர் வாசம் வந்தது. நோன்பு பிடித்திருந்த நானாவுக்கு மாலை நேரத்தில் அது பெரிய சோதனை.

பிறகு பொனற்றின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தார். பிறகு அதிலேயே மீனின் செவுள்போல நீளமாக வெட்டினார். சூடு மேலே போகும் என்றார். போனதுதான். ஆனால் கண்டியில் மழையும் பெய்யும். வெட்டு வழியாக மழை உள்ளே இறங்கி, சுடுகிற குழாயில் விழுந்து, வெள்ளைப் புகையாக வெளியே வரும். ஒருநாள் பஸ் நிலையத்துக்கு முன்னால் வண்டி அப்படிப் புகைந்ததைக் கண்டு ஒரு பழக்கடைக்காரர் பதறி ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரைப் பொனற்றின்மேல் ஊற்றிவிட்டார். இவர் இறங்கி அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு எப்படி வெடிக்கும் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்களெல்லாம் ஹோன் அடித்தன. கடைக்காரர் என்னைப் பார்த்து, ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகும்படி கண்ணால் கெஞ்சினார்.

அவருக்கு இதற்கு முன்பு வேறொரு கார் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், வீட்டு வாசலிலேயே வைத்து அதைக் கொளுத்திவிட்டார்கள். அவரும் அவருடைய மனைவியும் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள் இருந்து, அது எரிகிற சத்தத்தைக் கேட்டார்களாம். இதை அக்காதான் எனக்குச் சொன்னார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சேர் இந்தக் கதையைத் தானாக எடுக்கவேமாட்டார். நானாதான் ஒருநாள், இரண்டாம் வளைவில், வியர்வையோடு வியர்வையாகக் கேட்டுவிட்டார்.

“சேர், கோவிக்காதீங்க. அந்தக் காரு பத்தினதுக்குப் பொறகுதானே உங்களுக்கு இந்தச் சூட்டுப் பைத்தியம் புடிச்சது?”

அவர் கோபிக்கவில்லை. அவர் கோபித்து நான் பார்த்ததேயில்லை. கியரை மாற்றிவிட்டுச் சொன்னார். “இல்லை நானா. அது வெளியிலயிருந்து வந்த சூடு. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. இது உள்ளுக்க வாற சூடு. இதுக்குச் செய்யலாம்.”

சொல்லிவிட்டு ஹீற்றரை இன்னும் கொஞ்சம் திறந்தார். அன்றைக்கு நாங்கள் இருவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

வருடங்கள் போகப் போக வழியில் சோதனைச்சாவடிகள் கூடின. ஊருக்குள் நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று, மனம் வந்தால் நடுவில் ஒன்று. ஓடுகிற காருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். நிற்கிற காருக்கு அதுவும் இல்லை. ஏறுவதற்காகச் செய்த எஞ்சின் வரிசையில் நின்று நின்று கொதித்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் இன்னும் மோசம்.

“நிப்பாட்டினாச் சூடு குறையும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம்,” என்பார். “குறையாது. தண்ணி ஓடாது, விசிறி சுத்தாது. ஆனா இரும்புக்குள்ள இருக்கிற சூடு முழுக்க அப்பதான் வெளியில வரும். நிப்பாட்டினாப் பிறகுதான் கூடும்.”

“ஊரும் அப்படித்தான் சேர்,” என்றார் நானா. இவர் அதைக் காதில் வாங்கவில்லை. விசிறியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

இப்படியாக, உலகத்தில் மற்றவர்கள் போட்டிக் காரை ஓடுவதற்காகத் திருத்த, இவர் நிற்பதற்காகத் திருத்த ஆரம்பித்தார். சூட்டில் கெட்டுப்போகிறது என்று பற்றறியைக் கழற்றிப் பின்பக்கத்து டிக்கிக்குள் வைத்தார். அங்கிருந்து பெருவிரல் மொத்தத்தில் ஒரு சிவப்பு வயர், எங்கள் காலடியில் விரிப்புக்குக் கீழால் முன்னுக்குப் போனது. அடுத்ததாக ஒரு மின்விசிறி. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. சூடு ஓர் அளவைத் தாண்டினால் தானாகச் சுற்றும், குளிர்ந்ததும் தானாக நிற்கும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொருத்திப் பூட்டி முடித்தார்.

அக்கா பெரிய படிப்பெல்லாம் படித்தவரல்ல. ஆனால் டிக்கியைத் திறந்து பார்த்த உடனேயே கேட்டார். “இஞ்சருங்கோ, இந்த வயரை ஆரும் ஆமிக்காரர் பாத்தா என்ன நினைப்பினம்?”

“கேட்டா விளங்கப்படுத்துறன்.”

“அதுதான் எனக்குப் பயம்,” என்றார் அக்கா.

பயந்த நாள் அந்த வாரமே வந்தது. வழக்கமாக எங்களைச் சோதிக்கிற பையன்களுக்கு எங்களைத் தெரியும், காரைத் தெரியும், இவரிடம் கேள்வி கேட்டால் என்னவாகும் என்றும் தெரியும். அன்று மாலை சாவடியில் எல்லாம் புதுமுகங்கள். வரிசை நீண்டு கிடந்தது. ஊர்ந்து ஊர்ந்து எங்கள் முறை வந்தபோது முள் பாதியைத் தாண்டி நின்றது. எஞ்சினை நிறுத்தி இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றோம். ஒருவன் டிக்கியைத் திறந்தான். பற்றறியையும் சிவப்பு வயரையும் பார்த்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் குனிந்து பார்த்தான். எஞ்சின் பக்கமிருந்து, சூடான இரும்பு ஆறும்போது வருகிற டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அப்போது, சாவி போடாத, யாருமே இல்லாத அந்தக் காருக்குள் ஏதோ ஒன்று ‘விர்ர்’ என்று சுற்றத் தொடங்கியது.

சாவடி முழுக்க நிலத்தில் விழுந்தது. மணல்மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி லோட் பண்ணுகிற சத்தம். எங்களுக்குப் பின்னால் நின்ற வானிலிருந்து ஆட்கள் குதித்து ஓடினார்கள். நானா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் பாய்ந்தார். கானுக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். றோட்டோரத்தில் நின்றபடி நின்றவர் அவர் ஒருவர்தான்.

“பாத்தியளோ!” என்றார் எங்களைப் பார்த்து. “தானா வேலை செய்யுது!”

அது தானாக இயங்கியதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அவர் முகத்தில் கண்டதில்லை. பிள்ளை முதல் அடி எடுத்துவைப்பதைப் பார்க்கிற தகப்பனுடைய முகம். அதே முகத்தைத்தான் துப்பாக்கி பிடித்திருந்த பையன்களும் நிலத்தில் படுத்தபடி பார்த்தார்கள்.

அவரைக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டே சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். நிறுத்திய பிறகு சூடு ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். ஒருவன் வாயை மூடச் சொன்னான். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போதும் அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்ததைக் கண்டேன். எங்கள் இருவரையும் விசாரித்துவிட்டு விட்டார்கள். நானும் நானாவும் அந்த ஏற்றம் முழுவதும் நடந்தே வந்தோம். அக்கா வாசலில் நின்றார். கார் இல்லாமல் நாங்கள் வருவதைக் கண்டதுமே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அவர் இப்போது கனடாவில் சௌக்கியமாக இருக்கிறார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பனிக்காலத்தில் எஞ்சினைச் சூடாக்கினால்தான் வண்டி கிளம்புமாம். இரவில் எஞ்சினுக்கு மின்சார வயர் செருகி வைப்பார்களாம். இதை மிகுந்த மனவருத்தத்தோடு நானாவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம். ஆனால் அன்றைக்கு அவர் உயிரோடு வருவாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

முகாமில் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். கல்நார்க் கயிறும் தேயிலைத்தாளும்தான் கிடைத்தன. அவர்களுடைய மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது குண்டு இல்லை, இந்த ஆள் ஒரு பைத்தியம், ஆனால் நல்ல பைத்தியம் என்று சொன்னாராம். அத்தோடு விட்டிருப்பார்கள். பொறுப்பதிகாரி ஒரு பேச்சுக்காக, எங்கள் ஜீப்புகளும் மலையில் கொதிக்கின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் எனக்குத் தெரியாது ஐயா என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். இவர் ஜீப்பைக் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். இதில் மூன்று பிழை இருக்கிறது என்றார்.

அவ்வளவுதான். விசாரணை முடியவில்லை என்று ஒரு காரணம் சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அடி இல்லை, உதை இல்லை. படுக்கக் கட்டில், குடிக்கப் பால்தேத்தண்ணீர், கேட்ட நேரத்தில் கேட்ட ஸ்பானர். ஒரு ஜீப் முடிந்தால் அடுத்த ஜீப் வந்தது. அது முடிந்தால் ஒரு லொறி. குற்றம் செய்தவனை என்றாவது ஒருநாள் விடுவார்கள், உபயோகமானவனை ஏன் விடப்போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு முகாமுக்குப் போனேன். அக்காவுக்குச் சிங்களம் சரியாக வராது, எனக்கு வரும். அவரைக் கூட்டிவந்து ஒரு நீள மர வாங்கில் உட்காரவிட்டார்கள். கையெல்லாம் கிறீஸ். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார் என்றுகூடச் சொல்வேன். அக்கா கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு லொறியின் ரேடியேற்றரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா இடைமறித்தார். “இஞ்சருங்கோ. நீங்கள் நல்லாச் செய்யச் செய்ய அவங்கள் உங்களை விடமாட்டாங்கள். ஒரு வண்டியை எண்டாலும் பிழையாச் செய்யுங்கோ.”

அவருக்கு விளங்கவில்லை. “பிழையாவோ?”

“ஓம். கொதிக்கவிடுங்கோ. இவருக்கும் தெரியாது எண்டு நினைச்சு விட்டிடுவாங்கள்.”

“பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடியப்பா பூட்டுறது?”

“எனக்காகப் பூட்டுங்கோ.” அக்காவின் குரல் இன்னும் தாழ்ந்தது. “இந்த வண்டியள் எல்லாம் எங்க போகுது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? உங்கட அம்மா இருக்கிற ஊருக்கு.”

அவர் இடியப்பத்தைத் தட்டில் வைத்தார். “தெரியும்,” என்றார். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதில போறதுகளும் பெடியங்கள்தானே. நடுறோட்டில கொதிச்சு நிண்டா…” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அக்கா அழவில்லை. அவருடைய முழங்காலில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. உலகத்தில் இல்லாத நேர்மை என்று திட்டவேண்டும்போல இருந்தது. எழும்பும்போது அவர் அக்காவிடம், “சரி, பாக்கிறன்,” என்றார். களவெடுக்கச் சொல்லிக் கொடுத்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவர் செய்துவிட்டார் என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். ஒரு ஜீப்பின் விசிறியைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார். அப்படிப் பூட்டினால் சுற்றும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் காற்றைப் பேருக்குத்தான் இழுக்கும். அதிகாரி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார், ஜீப் கொதித்தது. இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னார், அப்போதும் கொதித்தது. இவர் தனக்குத் தெரியவில்லை என்றாராம். வாழ்க்கையிலேயே அந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றைக்குத்தான் இருக்கும். அதிகாரிக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று. ஆளை வீட்டில் கொண்டுபோய் விடும்படி சொன்னார். பிரித்த அவருடைய காரைத் திரும்பப் பூட்டி அதற்கு முதல்நாளே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், விசிறி வயரை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

எல்லா வண்டியும் வேலையில் இருந்தது. சும்மா நின்றது அந்த ஒரு ஜீப்தான். அதில்தான் அவரை ஏற்றினார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். விடப்போகிறார்கள் என்று தகவல் வந்து நானும் நானாவும் அக்காவோடு வாசலில் நின்றோம். ஜீப் அம்பிட்டிய ஏற்றத்தில் முனகி முனகி வந்தது. எங்கள் வீடுகளுக்குக் கீழே, கடைசி வளைவில், பொனற்றுக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி கிளம்ப, நின்றுவிட்டது. ஓட்டிவந்த பையன் இறங்கி ரயரை உதைத்தான். அவரும் இறங்கினார். வாசலிலிருந்து பார்த்தால் அவருடைய சட்டைப் பொத்தான்கூடத் தெரியும், அவ்வளவு தூரம்தான். பையன் அவரைப் பார்த்து, நீங்கள் போங்கள் ஐயா என்று கையைக் காட்டினான்.

அவர் நடந்தார். ஐந்தாறு அடி எங்களை நோக்கி நடந்தார். அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஜீப் உஸ் என்று சீறியது. அவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

“சேர், வாங்க சேர்!” என்று கத்தினேன்.

“அல்லாவே,” என்றார் நானா மெதுவாக.

பையன் ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனான். “திறக்காத! முகம் வெந்துபோகும்!” என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டு இவர் ஓடினார். ஓடிப்போய் அவனுடைய கையைத் தட்டிவிட்டார். பொனற்றைத் தூக்கிக் கட்டினார். ஆறவிட்டார். ஆறும்வரை பையனுக்கு விளங்கப்படுத்தினார். பிறகு ஸ்பானரை வாங்கிக்கொண்டு உள்ளே குனிந்தார். குனிந்தபடியே எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இஞ்சரும், கொஞ்சம் தண்ணி கொண்டுவாருமப்பா. இளஞ்சூடா.”

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் சுடவைத்து வாளியில் கொண்டுவந்து கொடுத்தார். விசிறியைக் கழற்றிச் சரியான பக்கத்துக்குத் திருப்பிப் பூட்டியதை நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, இதை இப்படி மாற்றிப் பூட்டியது யார் என்று கேட்டான். இவருக்குப் பொய் சொல்ல வராது.

“ஒரு மோடன், மூளையில்லாதவன்,” என்றார் அவர்.

பையன் சிரித்தான். ஜீப்பை ஸ்ரார்ட் பண்ணினான், வளைவைச் சுற்றி ஏறி இறங்கிப் பார்த்தான். முள் அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனான். போய் அங்கே யாரிடம் என்ன சொல்லியிருப்பான் என்று நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அக்கா வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போக நானும் நானாவும் அவருடைய வாசலுக்குப் போனோம். அவர் காரின் பொனற்றைத் திறந்து வைத்து, வெட்டிய வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையோடு படியில் நின்றார். கீழே வளைவில் ஒரு வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் வயரை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பாத்தியளோ,” என்றார் எங்களிடம். முகமெல்லாம் சிரிப்பு. “ஒரு முனகல் இல்லை. என்ன மாதிரி ஏறி வருது!”

அதே ஜீப் வாசலுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் அவருடைய சிரிப்பு நின்றது. அக்கா அதற்கு முன்பே உள்ளே போய், அவருடைய துவாயையும் சவர்க்காரத்தையும் பையில் வைக்கத் தொடங்கியிருந்தார்.